நொடிக்கு நானூற்று முப்பது கோடி

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் மனைவி வீடு கட்டப் போவாள். கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து, தட்டுகளைத் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மகளின் அறைக்குள் போய் அங்கே இருக்கும் பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருவாள். மகள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. அங்கே அப்போது காலை ஒன்பதரை. அவள் அங்கிருந்தும் இவள் இங்கிருந்தும் ஒரே விளையாட்டுக்குள் நுழைந்து, ஆற்றங்கரையில் ஓர் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மரம் வெட்டுவது, கல் சுமப்பது, சுவர் எழுப்புவது, ஓடு வேய்வது, இவ்வளவுதான் விளையாட்டு. யாரும் யாரையும் சுடுவதில்லை.

செகந்திராபாத்தில் ஒரு சர்ச் பள்ளியில் இருபத்தாறு வருடம் நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி. அந்தக் கண்டிப்பு விளையாட்டிலும் இருக்கும். மகள் வைத்த ஜன்னல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இடித்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வாள். ஹெட்போன் மாட்டினால் தலைவலி என்பதால் பேச்செல்லாம் ஸ்பீக்கரில்தான். ஹாலில் சோபாவில் படுத்து, பேப்பரை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, தூங்குவதுபோல் நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். பேச்சில் சேர்ந்துகொள்ள மாட்டேன். எனக்கும் மகளுக்கும் நடுவில் பேச்சு குறைவு. அதற்குக் காரணமும் அந்தக் கம்ப்யூட்டர்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனில் அவளிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வாங்குவது குதிரைக் கொம்பு. "சாப்பிட்டியா?" "ம்." "அங்க குளிரா?" "ம்." "வேலையெல்லாம்?" "ஓகே, மம்மி." மூன்று நிமிடத்தில் வைத்துவிடுவாள். அதே பெண் விளையாட்டில் ஓடு அடுக்கும்போது வாய் ஓயாமல் பேசினாள். ஒரு ஞாயிறு, கூரை வேலை பாதியில் இருக்கும்போது, "மம்மி, செவ்வாய்க்கிழமை ஆஃபீஸ் பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதேன். ஏன்னு தெரியல. அந்த ஓடு அங்க நக்கோ, லெஃப்ட்ல வை" என்றாள். என் மனைவி குரலை மாற்றவே இல்லை. "லெஃப்ட்ல வெச்சா ஜன்னல் மறையும்டி. எதுக்கு அழுத?" என்று கேட்டாள். அதன்பிறகு ஒரு மணி நேரம், ஒவ்வொரு ஓடாக வைத்துக்கொண்டே மகள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மொழி தெரியாத ஊரின் தனிமை, சிடுசிடுக்கும் மேலதிகாரி, ஐந்து மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம்.

"கையில வேலை இருந்தாத்தான் அவ வாயைத் திறப்பா, உங்களை மாதிரியே" என்று அன்று மாலை என் மனைவி சொன்னாள். கண்காணாத தேசத்தில் தனியாக இருக்கும் பெண் நன்றாக இருக்கிறாளா, இல்லை நன்றாக இருப்பதுபோல் நடிக்கிறாளா என்று எங்களுக்குத் தெரிய இருந்த ஒரே வழி அந்த விளையாட்டுதான்.

டிசம்பரில் விளையாட்டின் புதிய பதிப்பு வந்தது. ஆற்றில் நிஜமாகவே தண்ணீர் சுழித்து ஓடியது. மரத்தின் இலைக்கு இலை நிழல் விழுந்தது. மகளின் புதுக் கம்ப்யூட்டர் அதைச் சமாளித்தது, எங்கள் வீட்டுப் பெட்டி மூச்சுத் திணறியது. மகள் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போன பின்னும் என் மனைவி இக்கரையில் ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நிற்பாள். படம் மறுபடி அசையும்போது பார்த்தால் ஆற்றுக்குள் கிடப்பாள். ஒரே ஞாயிறு நாலு தடவை முழுகினாள்.

"மம்மி, எங்க இருக்க?"

"தண்ணிக்குள்ள."

முதலில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவது வாரம் சிரிப்பு நின்றுபோனது. மகளின் குரலே துண்டு துண்டாக வந்தது. "லீவ் இட், மம்மி. போன்லயே பேசிக்கலாம்" என்றாள். போனில் மூன்று நிமிடம் பேசினார்கள். அதற்கடுத்த ஞாயிறும் மூன்று நிமிடம். என் மனைவி போனை வைத்துவிட்டு, ஊறப்போட்ட தட்டுகளைத் தேவைக்கு மேல் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அனுப்புகிறேன் என்று மகள் சொன்னதற்கு, "நக்கோ" என்று, வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊர் சொல்லும் ஒரே வார்த்தையில் என் மனைவி முடித்துவிட்டாள். அது மகள் காலேஜில் படிக்கும்போது பாகம் பாகமாக வாங்கித் தன் கையால் மாட்டிச் சேர்த்த பெட்டி. "இதைத் தூக்கினா அந்த ரூம் ஸ்டோர் ரூமாயிடும். அப்புறம் அவ வந்தா எங்க உட்காருவா?" என்று என்னிடம் கேட்டாள். பிறகு, "ஏங்க, முப்பது வருஷம் என்னென்னத்தையோ டெஸ்ட் பண்ணீங்களே, இது ஒண்ணை ஓட வைக்க முடியாதா?" என்றாள்.

சுருக்கென்றது. வழி எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் பிரச்சினை.

குஷாய்குடாவில், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்தே நிமிடத்தில் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நான் சோதனைப் பிரிவில் இருந்தேன். கடலிலும் பாலைவனத்திலும் வேலை செய்யப்போகும் கருவிகளை ஹாட் சேம்பர் என்ற சூட்டு அறையில் வைத்து மணிக்கணக்கில் வாட்டுவது என் வேலை. எங்களுக்கு வேதம் ஒன்றே ஒன்றுதான்: மார்ஜின். ஒரு வாட் தாங்கும் என்று எழுதியிருக்கும் பாகத்திடம் அரை வாட்டுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. கருவி எந்தச் சூட்டில் தாக்குப்பிடித்து நின்றதோ, அதற்கும் ஒரு படி கீழேதான் கையெழுத்துப் போடுவோம். மீதி இருப்பது, நாம் எதிர்பார்க்காத நாளுக்காக.

இந்த வேதத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் மின்விசிறி நாலுக்கு மேல் சுற்றியதில்லை. என் ஸ்கூட்டர் நாற்பதைத் தாண்டியதில்லை. கல்யாணமான புதிதில் மிக்ஸியை மூன்றில் வைத்ததற்காக நான் போட்ட சத்தத்தை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அப்படிப்பட்ட வீட்டில், மகள் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும்போது, ஒருநாள் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து சைக்கிளிலிருந்து டிபன் கேரியரை எடுக்கும்போதே அவள் அறையிலிருந்து விசிறி ஊளையிடும் சத்தம் கேட்டது. என்னடா இது என்றேன். "ஓவர்கிளாக் பண்ணிருக்கேன், டாடி. ஃப்ரீ ஸ்பீட்!" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் ஒரு தாளத்துக்குத்தான் வேலை செய்யும். அந்தப் பெட்டியில் இருந்ததற்குத் தயாரித்தவர்கள் விதித்த தாளம் நொடிக்கு முந்நூற்றைம்பது கோடித் துடிப்பு. கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளும் முன் ஒரு பொத்தானைத் தட்டினால் வரும் செட்டிங் திரையில் ஓரிரண்டு எண்களை மாற்றி அந்தத் தாளத்தைக் கூட்டலாம். வேகம் ஏறும். கூடவே சூடும் ஏறும். தாங்காத சில்லு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன். "எதுவும் ஃப்ரீ கிடையாது! நான் தினமும் ஆபீஸ்ல எதைப் பண்ணக் கூடாதுன்னு சொல்றேனோ, அதை என் வீட்டுலயே பண்ணுவியா?" அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு நானே எல்லாவற்றையும் பழைய எண்ணுக்கு மாற்றி, அந்தத் திரைக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டேன். தொழிற்சாலையில் ஆளுக்கொன்றாகத் தரும் டோக்கன் நம்பரில் என்னுடையது. சூட்கேஸ் பூட்டு, பீரோ லாக்கர், எல்லாவற்றுக்கும் எனக்கு அதுதான். எங்கள் பிரிவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் "ஓகே டாடி", "சரி டாடி"க்கு மேல் போகவில்லை. அப்படியே பத்து வருடம் ஓடிவிட்டது.

இப்போது நானே அந்தப் பூட்டைத் திறந்து நானே அந்தத் தப்பைச் செய்ய வேண்டும். இரண்டு நாள் வீறாப்பாக இருந்தேன். மூன்றாம் நாள், தட்டு தேய்க்கும் சத்தம் என்னைத் தோற்கடித்தது.

ஜனவரியில், காலை டிபனுக்கு முன்னால், பெட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். வெளியே பனி. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பிராசஸர் மேல் இரண்டு விசிறி வைத்த அலுமினியக் கோபுரம் ஒன்று இருந்தது. முதலில் இருந்த சின்ன விசிறியை எடுத்துவிட்டு மகள் இதை எப்போது மாட்டினாள் என்று நினைவில்லை. சத்தம் குறையட்டும் என்று மாட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கோபுரத்தைத் தூக்கி, காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட பசையை வழித்துத் துடைத்தேன். அடியில் பிராசஸர் வெளிப்பட்டது. தீப்பெட்டியை விடச் சின்ன உலோகச் சதுரம். மேலே யாருக்கும் புரியாத நாலு வரி எழுத்து.

முப்பது வருடம் எலெக்ட்ரானிக்ஸில் இருந்தவன், இதைப் பார்த்து வாய் பிளப்பேனா என்று கேட்கலாம். பிளந்தேன். நாங்கள் சேம்பரில் வாட்டியவையெல்லாம் நொடிக்குச் சில கோடித் துடிப்போடு திருப்திப்படும் ஜீவன்கள். அன்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தச் சதுரத்தின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில், வெளிச்சமே என் நடுவிரல் நீளம்தான் போக முடியும். நொடிக்குள் உலகத்தை ஏழு சுற்றுச் சுற்றிவிடும் என்று சொல்கிறோமே, அந்த வெளிச்சம். அது ஒரு விரல் தூரம் நகர்வதற்குள் இந்தச் சதுரம் ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. அதுவும் என் மகளின் அறையில், கைக்குட்டை போட்டு மூடிய ஒரு தகரப் பெட்டிக்குள், பத்து வருடமாக.

புதுப் பசை தடவி, மூடி, செட்டிங் திரைக்குப் போனேன். டோக்கன் நம்பரைத் தட்டியதும் திறந்தது. உள்ளே நான் விட்ட அதே முந்நூற்றைம்பது கோடி. பத்து வருடமாக என் பூட்டு காவல் காத்திருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு நாளைக்கு ஒரு படி என்று வைத்துக்கொண்டேன். ஒரு படி என்றால் பத்துக் கோடி. ஏற்றிவிட்டு, பிராசஸரை முழுக்கத் திணறடிக்கும் சோதனை ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டி, சூட்டை நோட்டில் எழுதுவேன். தொழிற்சாலைப் படிவம் மாதிரியே கட்டம் போட்டேன்: வேகம், சூடு, முடிவு, சோதித்தவர், அங்கீகரித்தவர், தேதி. முந்நூற்று அறுபது. முந்நூற்று எழுபது. ஒவ்வொரு நாளும் இன்றைக்குப் புகை வரும் என்று சுவிட்ச் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நானூறு தாண்டியது. நானூற்று இருபது. அது முனகக்கூட இல்லை. இவ்வளவு காலமும் அடக்கி வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே சிலிக்கான் தட்டிலிருந்து வெட்டியெடுத்த சில்லுகளில்கூட ஒன்று போல் ஒன்று இருக்காது என்பது எனக்குப் புத்தக அறிவாகத் தெரியும். ஆனால் என் வீட்டில் இருந்த ஒன்றுக்குள் இவ்வளவு இருந்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. காப்பி ஆறிக்கிடக்க, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானூற்றைம்பதில் வெளிச்சம் என் சுண்டுவிரல் நீளம்தான் போனது. நானூற்று அறுபதில் எல்லாம் உறைந்து, நீலத் திரை வந்து கம்ப்யூட்டர் விழுந்தது.

நானூற்றைம்பதில் தாக்குப்பிடித்து நின்றிருக்கிறது என்றால், என் தொழில் தர்மப்படி நானூற்று நாற்பதுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அந்தக் கடைசிப் பத்துக் கோடியை விட மனம் வரவில்லை. ஆசைதான், வேறென்ன.

அந்த ஞாயிறு என் மனைவி பாலத்தின் மேல் ஓடினாள். நிஜத்தில் முட்டி வலியோடு மாடிப்படிக்கு யோசிப்பவள், மகளுக்கு முன்னால் அக்கரைக்குப் போய் நின்றுகொண்டு, "வாடி, எவ்வளவு நேரம்?" என்றாள். "மம்மி! எப்டி? அரே, என்ன பண்ணீங்க?" என்று ஸ்பீக்கர் கத்தியது. என் மனைவி ஹாலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சுத்தம் பண்ணினோம்" என்று மட்டும் சொன்னாள். நான் சொல்லச் சொன்னது அவ்வளவுதான். மகளைத் திட்டிய காரியத்தையே நான் செய்தேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு முகம் இல்லை.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச். கோவிலுக்குக் கூரை போட்டார்கள், சந்தை கட்டினார்கள், ஆற்றுக்கு ஒரு படித்துறை. பேப்பருக்கு அடியில் நான் நிம்மதியாக இருந்தேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அது நடந்தது. வெளியே தார்ச்சாலை இளகும் வெயில். மின்விசிறி அனலைத்தான் வாரிப் போட்டது. மகள் அன்று வந்ததிலிருந்தே சரியில்லை. சுவர் கட்டிக்கொண்டே, ஓரிரு வார்த்தைக்கு மேல் பேசாமல் இருந்தாள். பிறகு, "மம்மி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"டாடி தூங்கறாரா?"

"தூங்கறார்."

"மம்மி, நான்..."

குரல் அறுந்தது. நீலத் திரை.

என் மனைவி எழுப்பிய சத்தத்தில் நான் பேப்பரைத் தள்ளிவிட்டு ஓடினேன். மறுபடி போட்டேன். விளையாட்டுக்குள் நுழைந்து இரண்டு நிமிடத்தில் மறுபடி நீலம். என் மனைவி போனில் கூப்பிட்டாள். "என்னமோ சொல்ல வந்தியே?" "நத்திங் மம்மி. அப்புறம்." "சொல்லுடி." "நத்திங்." நாற்பது நொடியில் வைத்துவிட்டாள். என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எந்த நோட்டிலும் எழுத முடியாது.

பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தேன். சுட்டது. அப்போதுதான் புரிந்தது. வாழ்நாள் முழுக்க ஊரார் கருவிகளைச் சூட்டு அறையில் வைத்து வாட்டிய மனிதன், சொந்த வீட்டுக் கருவியை ஜனவரிக் காலையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சோதித்திருக்கிறேன். ஹைதராபாத்தில் ஏப்ரல் என்று ஒரு மாதம் வரும் என்பதே எனக்கு நினைவில்லை. என் பிரிவில் ஒரு டிரெய்னி இப்படிச் செய்திருந்தால் அவன் காது கிழிந்திருக்கும்.

செட்டிங் திரைக்குப் போய் டோக்கன் நம்பரைத் தட்டினேன். வேகத்தைக் குறைக்கும் முன்னால், இப்போதிருக்கும் எண்களைச் சேமித்து வைக்கலாம் என்று தோன்றியது. சேமிக்கும் பக்கம் ஒன்று கடைசியில் உண்டு. ஜனவரியில் அந்தப் பக்கம் போகவே இல்லை, தேவைப்படவில்லை. இப்போது போனேன். எட்டு இடங்கள். ஆறு காலி. முதல் இரண்டிலும் ஏற்கெனவே ஏதோ இருந்தது.

முதலாவதன் பெயர், ஆங்கில எழுத்தில், டாடி ஹோம். இரண்டாவது, டாடி டியூட்டி.

முதலாவதைத் திறந்தேன். முந்நூற்றைம்பது கோடி. இரண்டாவதைத் திறந்தேன். நானூற்று முப்பது கோடி.

எனக்கு விளங்கச் சில நொடிகள் ஆயின. காலேஜ் இல்லாத நாளெல்லாம், காலை எட்டு மணிக்கு நான் சைக்கிளில் தெருமுனை திரும்பியதும் இரண்டாவது. நாலரைக்கு டிபன் கேரியரோடு கேட்டைத் திறக்கும் முன் முதலாவது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில். அந்தப் பெரிய அலுமினியக் கோபுரம் எதற்கு என்று இப்போது தெரிந்தது. என் மூக்குக்குக் கீழேயே நடந்திருக்கிறது.

கோபப்பட நேரமில்லை. கோபம் வரவும் இல்லை. டாடி டியூட்டியை அமுக்கினேன்.

கம்ப்யூட்டர் எழுந்தது. விளையாட்டு திறந்தது. என் மனைவி "வா" என்று மகளுக்குச் செய்தி அனுப்பினாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஆறு ஓடிக்கொண்டிருந்தது, இலைகளின் நிழல் அசைந்தது, எதுவும் நிற்கவில்லை. மகள் அக்கரையில் தோன்றினாள்.

"எப்டி வந்த, மம்மி?"

நான் மைக் பக்கம் குனிந்தேன். "டாடி டியூட்டி" என்றேன்.

ஸ்பீக்கரில், மெதுவாக, "ஓ ஷிட்" என்றாள். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, காலேஜுக்குப் போன பிள்ளையின் சிரிப்பு. என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் அவளும் சிரித்தாள்.

"பாஸ்வேர்ட் எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"டாடி, அது உங்க டிபன் கேரியர் மூடில செவப்பு பெயிண்ட்ல எழுதியிருக்கு. டெய்லி நான்தான் கழுவுவேன்."

கேன்டீனில் ஐம்பது கேரியர் வரிசையாக இருக்கும். மாறிப்போகாமல் இருக்க நானே பிரஷ் வாங்கி எழுதிய எண் அது. பூட்டையும் போட்டு, சாவியையும் தினமும் அவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

"அது சரி, நானூத்தி முப்பதுன்னு எப்படி முடிவு பண்ண?" என்று கேட்டேன். எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

"மே மாசம் டெஸ்ட் பண்ணினேன். மத்தியானம். ஜன்னல் எல்லாம் மூடி, ஃபேன் ஆஃப் பண்ணி. மம்மி ஸ்கூல் கேம்ப்புக்குப் போயிருந்தா. நாலு மணி நேரம் ஓட்டினேன், உங்க ஹாட் சேம்பர் மாதிரி. நானூத்தி அம்பது அரை மணில விழுந்திடுச்சு. நாப்பது நின்னுது. நின்னதுக்கு ஒரு படி கீழ வெக்கணும்ல? அதான் முப்பது."

நான் கத்தியது மட்டும்தான் அவளுக்குக் கேட்டிருக்கும் என்று பத்து வருடம் நினைத்திருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கிறது. நான் விட்ட படியை, எனக்குத் தெரியாமல், பத்தொன்பது வயதில் அவள் விடாமல் இறங்கியிருக்கிறாள். பிராசஸரைப் பார்த்து நான் வியந்ததெல்லாம் அந்த நிமிடத்தில் சின்னதாகிவிட்டது.

"இங்க வரக் கிளம்பறப்ப டாடி ஹோம்ல விட்டுட்டு வந்தேன்" என்றாள். "உங்க வீடு, உங்க செட்டிங்."

நான் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். என் மனைவி ஒரு கல்லை எடுத்துச் சுவரில் வைத்தாள். "என்னமோ சொல்ல வந்தியே?" என்று, ஜன்னல் அளவைக் கேட்பதுபோல் கேட்டாள்.

மகளும் ஒரு கல்லை வைத்தாள். "எனக்கு வேலை போயிடுச்சு, மம்மி. மூணு வாரம் ஆச்சு. எங்க டீம் முழுக்க." இன்னொரு கல். "டாடி, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"பயப்படாதீங்க. ஆறு மாசத்துக்கு எடுத்து வெச்சிருக்கேன். தேடிக்கிட்டிருக்கேன். கிடைச்சிடும்." அடுத்த கல்லை வைத்தாள். "மார்ஜின் இருக்கு, டாடி."

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை ஆறரை வரை அவர்கள் கட்டினார்கள், நான் அங்கேயே நின்று கேட்டேன். பேப்பர் ஹாலில் கிடந்தது.

மறுநாள் அந்தத் திரைக்குப் போய் டோக்கன் நம்பரைக் கடைசித் தடவையாகத் தட்டி, பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். பிறகு ஜனவரி நோட்டைத் திறந்தேன். நானூற்றைம்பது என்ற வரியை அடித்துவிட்டு, கீழே புது வரி எழுதினேன். வேகம், நானூற்று முப்பது கோடி. முடிவு, தேர்ச்சி. சோதித்தவர், மகள். அங்கீகரித்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். தேதி என்ற கட்டத்தில் அவள் சோதித்த அந்த மே மாதத்தையா, இன்றையதையா, எதை எழுதுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.